உமாவுக்கு, மூட்டு விஷயமாக

அன்புள்ள உமா,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகேஷ் வீட்டு மாடியில் சென்ட்ரிங் பிரித்தாயிற்று. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்மா" என்று ஒரு மெசேஜ் வருகிறது. மேற்கொண்டு கேட்டால் இரண்டு நீல டிக் மட்டும்தான் வருகிறது. அதனால் கடிதமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கடிதமென்றால் உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது படிக்கலாம். படிக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டாம். சின்ன வயதிலேயே, திட்டுவதாக இருந்தால்கூட நோட்டில் எழுதிக் கொடு என்று கேட்டவள் நீ.

விஷயம் உன் மூட்டுகளைப் பற்றித்தான். கடைசி வரைக்கும் படி.

சகுந்தலா அக்கா பேரன் உனக்கு ஞாபகம் இருக்கும். தீபாவளிக்கு எல்லோரும் ஹாலில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நீயும் அவனும் மாடிப்படியில் உட்கார்ந்து திருநெல்வேலி வழியாகப் போகிற ரயில்களின் நம்பரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அந்தப் பையன். அவனுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி ஒழுங்காகப் போகிறது. இப்போது பள்ளிக்கூடத்தில், பையன் எழுதவே மாட்டேன் என்கிறான், பிடிவாதம் என்று புகார். அக்காவுக்கு முட்டி வலி, படி ஏற முடியவில்லை. அதனால் பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அங்கே இருக்கிற பெண் உன்னைவிடச் சின்னவள். பையனை எழுதச் சொல்லவே இல்லை. அவன் கையை மேசைமேல் விரித்து வைத்து, சுண்டுவிரலை மட்டும் மெல்லத் தூக்கினாள். அது நேராக நிமிர்ந்ததும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. பின்னால் சாய்ந்து மணிக்கட்டுப் பக்கம் போய்விட்டது. பையனுக்கு வலியே இல்லை, மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து மணிக்கட்டை மடக்கிக் கட்டைவிரலை முன்கைப் பக்கம் தள்ளினாள். விரல் முன்கையோடு போய்ப் படுத்துக்கொண்டது. அது அப்படியே உன் கை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவாயே, அதே வளைவு.

"இவன் பென்சிலைப் பிடிக்கும்போது விரல் மூட்டு ஒவ்வொன்றும் உள்ளே வளைந்துவிடுகிறது, அதை நிமிர்த்தி வைப்பதற்கே பாதிச் சக்தி போய்விடுகிறது, எழுத்துக்கு எங்கே மிஞ்சும்" என்றாள் அந்தப் பெண். நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். சமூக அறிவியலில் மட்டும் ஏன் கடைசி இரண்டு கேள்வியை விட்டாய் என்று வீடே கேட்டது. கை வலித்தது என்று நீ சொன்னாய். அது நிஜம்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

பையனுக்குப் பார்த்த கையோடு எனக்கும் பார்த்தாள். இதற்குப் பெய்ட்டன் ஸ்கோர் என்று பெயர். மொத்தம் ஒன்பது மார்க். இரண்டு சுண்டுவிரலும் 90 டிகிரிக்கு மேல் பின்னால் போனால் இரண்டு, இரண்டு கட்டைவிரலும் முன்கையைத் தொட்டால் இரண்டு, முழங்கை இரண்டும் பத்து டிகிரிக்கு மேல் பின்னால் வளைந்தால் இரண்டு, முழங்கால்களும் அதேபோல வளைந்தால் இரண்டு. முட்டியை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் முழுசாகப் பதித்தால் ஒன்று. 1973-ல் தென்னாப்பிரிக்காவில் பெய்ட்டன் என்ற டாக்டரும் அவர் கூட இருந்தவர்களும் அங்குள்ள மக்களின் மூட்டுகளைப் பார்த்து வகுத்த கணக்கு. பெரியவர்களுக்கு ஐந்து வந்தால் மூட்டுகள் பொதுவாகவே தளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்களாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நாலே போதும். எனக்கு ஐந்து வந்தது. உனக்கு மனசிலேயே போட்டுப் பார்த்தேன், எட்டுக்குக் குறையாது. கண்ணாடி முன்னால் நின்று நீயே பார். மெதுவாகப் பார், இழுத்துப் பார்க்காதே. யாருக்கும் செய்து காட்டாதே. அப்படிச் செய்து காட்டுவது ஜவ்வுக்கு நல்லதில்லை என்று அந்தப் பெண் அழுத்திச் சொன்னாள்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் நர்ஸாக இருந்திருக்கிறேன். எலும்பு வார்டில் இருந்திருக்கிறேன், பிரசவ வார்டில் இருந்திருக்கிறேன். வளைகிற கையை யாரும் அளந்து பார்த்ததில்லை. பிள்ளைக்கு ரப்பர் உடம்பு என்று சொல்லிச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அதிலும் தப்பில்லை, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கஷ்டமும் கிடையாது. குழந்தைகளிடம் அதிகம், பெண்களிடம் அதிகம், ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் அதிகம். நாட்டியம் ஆடுகிறவர்களுக்கும் வயலின் வாசிக்கிறவர்களுக்கும் இது வரம் மாதிரி. வலி, களைப்பு, அடிக்கடி சுளுக்கு, மூட்டு விலகுவது என்று கூடவே வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

மூட்டை இழுத்துப் பிடித்திருக்கிற ஜவ்வில் கொலாஜன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் நெசவு சிலருக்குப் பிறவியிலேயே இளக்கமாக இருக்கும். நம் பழைய நாடாக்கட்டிலை நினைத்துக்கொள். சட்டம் தேக்குதான், ஒன்றும் ஆகவில்லை. நாடா தொய்ந்துவிட்டதால் அதில் படுத்தவர் முதுகுதான் ராத்திரி பூராவும் உழைக்கிறது. ஜவ்வு பிடிக்காததைத் தசை பிடிக்கிறது. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாலே அதற்கு வேலை. நீ ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துக்கொள்கிறாய் என்று உன் ரூம் தோழி முன்பு சொன்னதை அப்போது சோம்பேறித்தனம் என்றுதான் அப்பா நினைத்தார். அவரிடம் இப்போது விளக்கிச் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், அவள் வந்தால் படுக்க நல்ல மெத்தை வாங்க வேண்டும் என்றார்.

கொலாஜன் மூட்டில் மட்டும் இல்லை. தோலில் இருக்கிறது, குடலில் இருக்கிறது, ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கிறது. நீ ஏழாம் வகுப்பில் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்ததும், அதற்கப்புறம் நிற்கவே பயந்ததும் ஞாபகம் இருக்கிறதா? சாப்பிடாமல் வருகிறாள் என்று சொன்னார்கள். நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனவள் நீ. எழுந்து நின்றால் ரத்தம் காலில் தேங்கி, அதை ஈடுகட்ட இதயம் ஓட ஆரம்பிக்கிற ஒரு தொந்தரவு இருக்கிறது. பாட்ஸ் என்பார்கள். மூட்டுத் தளர்ச்சி உள்ளவர்களிடம் அதிகம் பார்க்கிறார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். பத்து நிமிஷம் படுத்திருந்து பல்ஸை எண்ணு. அப்புறம் சுவரில் சாய்ந்து நின்று பத்து நிமிஷத்துக்குள் நடுநடுவே எண்ணு. பிபி இறங்காமல் பல்ஸ் மட்டும் 30-க்கு மேல் கூடி, அப்படியே நின்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும்போது செய்யாதே, கூட யாராவது இருக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி. உப்பைக் கூட்டச் சொல்வார்கள், ஆனால் அதை டாக்டர் சொன்ன பிறகு செய்.

மகேஷ் போன மாதம் உன்னைப் பற்றி ஏதோ சொல்ல வந்தான். "அக்கா அங்கே ஒரு டாக்டரை..." என்று ஆரம்பித்தவன், மாடிக்குக் கம்பி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டான். நான் கேட்கவில்லை. அவன் மேல் கோபப்படாதே. உன்னிடமும் கேட்கப் போவதில்லை. பிசியோதெரபியில் பார்த்ததை அவனிடம் சொல்லி, மூட்டைப் பற்றியும் ஆட்டிசத்தைப் பற்றியும் வந்திருக்கிற ஆராய்ச்சிக் கட்டுரைகளை எனக்கு எடுத்துத் தா என்று மட்டும் கேட்டேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. நம் வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது.

அதில் படித்ததைச் சொல்கிறேன். 1990-லேயே இங்கிலாந்தில் டிக்பி டான்டம் என்ற மனநல டாக்டர், ஆட்டிசத்தில் ஒரு வகையாக ஆஸ்பெர்ஜர் என்று அப்போது சொல்லப்பட்டவர்களிடம் ஜவ்வுத் தளர்ச்சி இருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் ரொம்ப காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. மூட்டு ஒரு டாக்டரிடம் போகிறது, மனசு வேறு டாக்டரிடம் போகிறது, இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. 2016-ல் ஸ்வீடனில் நாடு முழுக்க இருக்கிற மருத்துவப் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். ஏலர்ஸ் டான்லாஸ் என்று ஒரு பிறவிக் கோளாறு, கொலாஜன் பழுதால் வருவது. அது இருக்கிற 1,771 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டபோது ஆட்டிசம் 7.4 மடங்கு அதிகம். கவனக்குறைவுக் கோளாறு 5.6 மடங்கு. 2022-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் ஜெசிகா எக்கிள்ஸ் என்ற டாக்டரின் குழுவினர், ஆட்டிசமோ கவனக்குறைவோ இருக்கிற பெரியவர்களின் மூட்டுகளை அளந்திருக்கிறார்கள். அவர்களில் 51 சதவீதம் பேருக்கு மூட்டுத் தளர்ச்சி. மற்ற ஜனங்களில் 20 சதவீதம். அவர்களுக்கு உடம்பு வலியும், எழுந்தால் தலைசுற்றுவதும் கூடவே அதிகமாக இருந்திருக்கிறது.

வளைகிற கை இருந்தால் ஆட்டிசம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆட்டிசம் இருந்தால் கை வளையும் என்றும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து வருகிறது. ஏன் என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. தளர்ச்சியோடு வருகிற ஏலர்ஸ் டான்லாஸ் வகைக்கு எந்த மரபணு என்பதே இன்னும் பிடிபடவில்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கை கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது மூட்டிலும் தசையிலும் இருக்கிற நரம்புகள்தான். அந்தச் செய்தி சரியாகப் போகாத உடம்பு, எந்நேரமும் தன்னைத்தானே தேடிக்கொண்டிருக்கும். கதவு நிலையில் இடித்துக்கொள்ளும், டம்ளரைத் தவற விடும். ஏற்கெனவே மிக்சி சத்தமும் டியூப்லைட் வெளிச்சமும் தாங்காத பிள்ளைக்கு இந்த வேலையும் சேர்ந்தால் சாயந்திரம் பேசத் தெம்பு எங்கே இருக்கும்?

அதே ஸ்வீடன் கட்டுரையில் மனச்சோர்வும் 3.4 மடங்கு என்று போட்டிருந்தது. அந்த வரியில் அதற்கடுத்து ஒரு எண் இருந்தது. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நீ ஆராய்ந்து படிக்கிறவள், கட்டாயம் உன் கண்ணில் பட்டிருக்கும். உமா, ராத்திரி எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு. பேச வேண்டாம். லைனில் இருந்தால் போதும், நான் கேள்வி கேட்க மாட்டேன். நைட் ட்யூட்டி பார்த்த உடம்பு இது, எனக்கு இரண்டு மணிக்கு விழிப்பு தானாக வரும். பேச வாய் வரவில்லை என்றால் ஒரு புள்ளி வைத்து மெசேஜ் அனுப்பு. அப்பாவும் நானும் முதல் ரயிலில் கிளம்பிவிடுவோம், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். இது வெறும் பேச்சுக்காக எழுதுகிறது இல்லை.

சரி. உடம்பைப் பார்த்துக்கொள் என்று பொதுவாகச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல் என்பாய். இதற்கு மருந்து கிடையாது. ஜவ்வை இறுக்க முடியாது, சுற்றியுள்ள தசையைப் பலமாக்கத்தான் முடியும். அதனால் யோகா வகுப்பில் எல்லோரையும்விட நன்றாக வளைகிறாய் என்று ஆசிரியர் பாராட்டினால் அதைக் கேட்டுக்கொண்டு மேலும் வளையாதே. உனக்கு வளைவது வேண்டாம், நிறுத்துவதுதான் வேண்டும். நிற்கும்போது முட்டியைப் பின்னால் பூட்டி நிற்கிறாய், பழைய போட்டோ எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறாய். லேசாகத் தளர்த்தி நில். பேனா தடிமனாக வாங்கு. மூட்டுத் தளர்ச்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டாகப் பார். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது வெடுக்கென்று இழுத்தால் விடாதே. எண்ணெய் போட்டுத் தடவுவது வேறு, இழுப்பது வேறு. பல் டாக்டரிடம் போனால் முன்கூட்டியே சொல், எனக்கு மரத்துப்போற ஊசி சரியாகப் பிடிக்காது என்று. நீ பதினாலு வயதில் கடைவாய்ப் பல் எடுத்தபோது வலிக்கிறது என்று கத்தினாய், ஊசி போட்டாச்சு நடிக்காதே என்று அந்த டாக்டர் அதட்டினார். மூட்டுத் தளர்ச்சி இருக்கிற பலருக்கு அந்த ஊசி சரியாக வேலை செய்வதில்லை என்று இப்போது எழுதுகிறார்கள். உனக்கு வலித்தது நிஜம்.

ஏட்டி, கணுக்கால் வீங்கியதைக்கூட நீ என்னிடம் சொன்னதில்லை. ரூம் தோழி சொல்லித்தான் தெரியும். நர்ஸ் அம்மாவை வைத்துக்கொண்டு கூகிளில் தேடிக் கட்டுப் போட்டிருக்கிறாய். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. அதே சமயம், அந்த வீங்கின காலோடு உட்கார்ந்து நீ கண்டுபிடித்த பிழையால்தான் உன் கம்பெனிக்காரர்கள் பெரிய நஷ்டத்திலிருந்து தப்பினார்கள் என்று அதே பெண் சொன்னாள். ஆயிரம் வரி பார்த்தாலும் தப்பாக இருக்கிற ஒரு வரி உன் கண்ணில் பட்டுவிடும். அரிசியில் கல் பொறுக்கும்போதே அப்படித்தான் இருந்தாய். உன்னைப் போல வேலை செய்கிற பிள்ளை நம் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், உன்னிடம் மட்டும்தான் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கிற டாக்டர்கள், அவர்களின் சின்ன வயது எப்படி இருந்தது என்று கேட்பார்களாம். தாய் தகப்பன் இருந்தால் அவர்களிடமே கேட்பார்களாம். பெண்கள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அதேபோல நடந்துகொள்ளப் பழகிவிடுவதால் வெளியே தெரிவதில்லை, அதனால் பலருக்கு வயசான பிறகுதான் தெரிய வருகிறது என்றும் படித்தேன். பிசியோதெரபிக்குப் போனாலும் சின்ன வயதுக் கதை கேட்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்.

நீ ஒன்றரை வயதில்தான் நடந்தாய். அதற்கு முன்னாலேயே வாக்கியமாகப் பேசினாய். திருநெல்வேலி வானொலியில் வருகிற அறிவிப்பை அதே குரலில் திருப்பிச் சொல்வாய், அர்த்தம் தெரியாது. உட்கார்ந்தால் இரண்டு காலையும் பின்னால் வெளிப்பக்கமாக விரித்துத்தான் உட்காருவாய். சட்டையில் காலர் பக்கம் இருக்கிற லேபிளை வெட்டினால்தான் போடுவாய். அந்தக் குட்டை டம்ளர் தவிர வேறு டம்ளரில் பால் குடித்ததில்லை, ஊருக்குப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போவோம். கிரைண்டர் போட்டால் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவாய். ஐந்து வயதில் நிலைக்கதவில் இடித்து நெற்றியில் விழுந்த தழும்பு, இன்றும் அகலமாக, மெல்லிய காகிதம் மாதிரி இருக்கிறதே, அதையும் டாக்டரிடம் காட்டு. தோழி ஒரே ஒருத்தி. அவள் டிரான்ஸ்ஃபரில் போனபோது நீ அழவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க அடுக்களை டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாய்.

நாட்டிய வகுப்பு. அரைமண்டியில் உன்னைப் போல யாரும் உட்கார மாட்டார்கள் என்று டீச்சர் மெச்சிக்கொள்வார். அடவு எத்தனை தரம் சொன்னாலும் சலிக்காமல் ஆடுவாய், தாளம் ஒரு மாத்திரை பிசகாது. அபிநயம் என்று வந்ததும் நின்றுவிட்டாய். கண்ணால் சிரி, கண்ணால் கோபப்படு என்று அவர் சொன்னபோது நீ வீட்டுக்கு வந்து, எந்தத் தசையை எவ்வளவு தூக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாய். நான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உன்னோடு சேர்ந்து புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சரியாக வரவில்லை. அப்புறம் கணுக்கால் மூன்றாம் முறை பிசகியதோடு வகுப்பும் நின்றது.

இரண்டு பேருக்கும் என்று எழுதியது தெரிந்தேதான். இந்த உடம்பு எங்கிருந்தோ வந்ததில்லை. கல்லிடைக்குறிச்சி ஆச்சி எழுபது வயதிலும் முட்டி மடக்காமல் குனிந்து வாசல் பெருக்குவாள், உள்ளங்கை தரையில் படும். கல்யாண வீட்டுக்கு வரமாட்டாள். வந்தாலும் அடுக்களையில் அப்பளம் எண்ணிக்கொண்டிருப்பாள். கொள்ளுப்பேரன் பேத்தி வரைக்கும் அத்தனை பேர் பிறந்த தேதியும் கிழமையோடு தெரியும். செத்துப்போனவர்கள் மேல் ஒரு பெயரை ஒட்டிவைக்க எனக்கு விருப்பமில்லை. நானும் இந்த வயதில் எந்தப் பெயரும் தேடிப் போகப் போவதில்லை. ஆனால் வார்டில் ஊசி மருந்து அலமாரியை வேறு யாராவது மாற்றி வைத்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. விசேஷ வீட்டிலிருந்து வந்தால் இருட்டு அறையில் ஒரு மணி நேரம் படுத்தால்தான் மனுஷியாவேன். உன்னிடம் ஏதாவது ஒரு டாக்டர் ஏதாவது ஒரு பெயர் சொன்னால், அந்தப் பெயர் எனக்குப் புதிதாக இருக்கலாம், அதற்குள் இருக்கிற ஆள் எனக்குப் புதிது இல்லை. நீ எனக்கு முப்பத்து மூன்று வருஷமாகத் தெரிந்த பிள்ளை, மக்கா.

அத்தை கொண்டுவந்த ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், சரியாகிவிடும். இனி யாரும் உன் போன் நம்பரைக் கேட்டால் தர மாட்டேன். கல்யாணம் உனக்கு வேண்டுமென்று தோன்றினால் நீ சொல்லு, தோன்றாவிட்டாலும் சரிதான்.

ஆனித் தேரோட்டத்துக்கு வரச் சொல்லி மகேஷ் கேட்பான். தேரன்றைக்கு வராதே, கூட்டமும் மேளமும் உனக்கு ஆகாது. எல்லாம் முடிந்து ரத வீதி காலியான பிறகு வா. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தாகப் போடு, மேல் பெர்த்துக்குக் கையை ஊன்றி ஏறினால் தோள்பட்டை விலகும். கீழ் பெர்த் கிடைக்கவில்லை என்றால் தேதியை மாற்று. பையைத் தோளில் போடாதே, சக்கரம் வைத்த பெட்டி எடுத்துவா. உனக்குப் பழகின தலையணையை இங்கேயிருந்து அனுப்பவா, அல்லது அதே மாதிரி அங்கேயே கிடைக்கிறதா, அதை மட்டும் எழுது.

யாராவது டாக்டர், மூட்டு டாக்டரோ வேறு டாக்டரோ, அம்மாவோடு பேச வேண்டும் என்றால் என் நம்பரைக் கொடு. மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் கூப்பிடச் சொல். அப்பா தூங்குவார், வேலைக்காரர்களும் சாப்பிடப் போயிருப்பார்கள், நான் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். ஆங்கிலத்தில் கேட்டாலும் பரவாயில்லை, மெதுவாகக் கேட்கச் சொல். எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு: முட்டியைப் பூட்டி நிற்காதே.